பள்ளம் நிறையும் முன்

ஜூலை 8, சனி

நண்டு,

டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எழுத வராது என்றேன். நான் இதே பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். யாரிடமாவது சொல்கிற மாதிரி நினைத்துக்கொண்டு எழுதுங்கள் என்றார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள், உன்னிடம்தான் சொல்கிறேன். டீச்சருக்கு இரண்டு வரி தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

உங்கள் செல்வகனி டீச்சர் இந்த வருசம் சனிக்கிழமைக்கு மூன்று வேலை வைத்திருக்கிறார்கள். ஜெயசீலன் சார் பழைய பேப்பரிலும் பாட்டில் மூடியிலும் சாமான் செய்யப் பழக்குகிறார். சத்துணவு சமைக்கிற தாயம்மா மதினி கத்தரிக்காய்ப் பாத்தி போடப் பழக்குகிறாள். நான் நீச்சல். பள்ளிக்கூடத்தில் மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள்.

டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். உள்ளே வராமல் வாசலில் நின்றுகொண்டே பேசினார்கள். பனங்காட்டுக்குப் பின்னால் ரோட்டுக்கு மண் அள்ளிய பள்ளத்தை இன்னும் யாரும் மூடவில்லை, மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது, ஐப்பசி மழைக்கு அது மறுபடியும் நிறையும் என்றார்கள். போன ஐப்பசியில் அந்தத் தண்ணீரில்தானே நீ போனாய்.

சரி என்று சொல்லிவிட்டேன். மழைக்கு முன்னால் பதினெட்டுப் பேரும் மிதக்க வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

உன் அப்பா கேட்டுக்கொண்டார். வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 15, சனி

முதல் நாளே கடலுக்குக் கொண்டுபோகவில்லை. சத்துணவு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு பிள்ளையாக முகத்தை முக்கி வாயால் குமிழி விடச் சொன்னேன். பிறகு நான் கடல்பாசி எடுக்க முங்கும்போது போடுகிற கண்ணாடியை மாட்டிவிட்டு, அண்டாவின் அடியில் கிடக்கிற சிப்பியை எண்ணச் சொன்னேன். ரோஷன் என்று மூன்றாம் வகுப்புப் பையன், கிடந்தது ஆறு, அவன் பத்து என்றான். மிச்சம் நாலும் சின்ன மீன்குஞ்சு என்று அடித்துச் சொன்னான்.

தாயம்மா மதினிக்குத்தான் வயிற்றெரிச்சல். "திங்கக்கெழம இதுலதான சோறாக்கணும். அம்புட்டுப் பயலும் மூக்கச் சிந்தி வச்சிருக்கான்" என்று அண்டாவை மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தாள்.

பதினேழு பேர் முகத்தை முக்கினார்கள். சுபிக்சா வரவில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது நாலாம் வகுப்பு. ஜெயசீலன் சாரோடு உட்கார்ந்து பேப்பரில் கொக்கு மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உன்னோடு பள்ளத்துக்குப் போய், திரும்பி வந்தவள் அவள்தான். குளிப்பதற்குக்கூடச் சொம்பில்தான் மோந்து ஊற்றிக்கொள்கிறாளாம், வாளிப் பக்கம் குனிவதில்லையாம்.

ஜூலை 16, ஞாயிறு

அமாவாசை நெருங்கிவிட்டது, கடல் வற்றும், பாசிக்குப் போகிறோம். இனி ஆறு நாளைக்கு எழுத முடியாது. பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிச் சுற்றிப் பேனா பிடிபடாது.

ஜூலை 22, சனி

இன்றைக்குக் கடல். இந்த மாதங்களில் நம் வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது. அலை கிடையாது. பிள்ளைகளுக்கு இடுப்பளவு வருகிற இடத்தில் நிறுத்தினேன். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்களை மூடி இறுக்கி, ஆளுக்கு இரண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிவிட்டேன். டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஐந்து நிமிசத்துக்கு ஒரு தடவை தலையை எண்ணினார்கள்.

மல்லாக்கப் போட்டால் பயப்படுகிறார்கள். காதில் தண்ணீர் போனதும் எழுந்துவிடுகிறார்கள். நான் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து, வானத்தைப் பார், என்னைப் பார்க்காதே என்று சொல்கிறேன். என்னைப் பார்த்தால் கழுத்தைத் தூக்குவார்கள், கழுத்தைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும்.

உன் வயசுப் பிள்ளைகளின் முதுகு இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

ஜூலை 29, சனி

ஒன்பது பேர் கேன் இல்லாமல் பத்து எண்ணும்வரை கிடந்தார்கள். ரோஷன் முப்பது வரை கிடந்தான், ஆனால் எண்ணியது அவனே.

கத்தரிப் பாத்தியை ஆடு மேய்ந்துவிட்டது. தாயம்மா மதினி வேலி அடைக்கிறாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

இன்றைக்குக் கரையில் பிள்ளைகளின் தாய்மார் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுபிக்சாவின் அம்மா மாரிக்கனியும் வந்திருந்தாள், மகளைக் கூட்டாமல். ஒருத்தி, என்ன, எல்லாத்தையும் பாசிக்கு ஆள் சேர்க்கிறாயா என்று கேலி பண்ணினாள். நானும் சிரித்தேன். எங்கள் கூட்டத்தில் முங்குவதற்கு ஆள் குறைந்துபோச்சு, ரோஷனை எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.

பிறகு மாரிக்கனியிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன், அடுத்த வாரம் சுபிக்சாவையும் அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் முகம் மாறிவிட்டது.

"நீங்க பாத்துக்கிருவீகளா மதினி? பெத்த பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதவுக, எம்பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கப் போறீகளாக்கும்."

பக்கத்தில் இருந்தவள் மாரிக்கனியின் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் கேன்களைக் கழற்றி எண்ணிக் கயிற்றில் கோத்தேன். முப்பத்து நாலு.

அவள் சொன்னது பொய் இல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

நேற்று எழுதியதோடு நிறுத்தியிருந்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆறு வயசு இருக்கும்போது என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே கழுத்துத் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டாய். அன்றைக்கு உன்னைக் கரைக்கு இழுத்து வந்து காலில் அடித்தேன். பாசி காயப்போடுகிற இடத்தில் எல்லாரும் பார்த்தார்கள். உனக்குக் கோபம் வரவில்லை, ஏன் என்றுதான் கேட்டாய்.

நான் பதினொரு வயசில் முங்க ஆரம்பித்தவள். என் விரல் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீந்தத் தெரிந்துவிட்டால் அடுத்து முங்குவாய், முங்கத் தெரிந்துவிட்டால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் வந்தேன். தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தால் நீ தப்பித்துவிடுவாய் என்று நினைத்தேன்.

இதை டீச்சருக்கான தாளில் எழுத முடியாது.

ஆகஸ்ட் 26, சனி

பதினேழு பேரும் மிதந்துவிட்டார்கள். பதினோரு பேர் கை போட்டு நீந்துகிறார்கள். டீச்சர் செல்லில் படம் எடுத்துச் சுவரில் ஒட்டப் போகிறேன் என்றார்கள். எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். ரோஷன், இனிமேல் எந்தத் தண்ணியிலயும் குதிப்பேன் என்று இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டான்.

சுபிக்சாவுக்கும் ஒரு மிட்டாய் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பரமக்குடிப் பக்கம் உன் சின்னம்மா வீட்டில் காதுகுத்துக்குப் போயிருந்தேன். காலையில் பெண்களெல்லாம் தோட்டத்துக் கிணற்றில் குளிக்கப் போனார்கள். படி இறங்குகிற பெரிய கிணறு, மோட்டார் ஓடியதுபோக ஓர் ஆள் தண்ணீர் கிடந்தது. எனக்கென்ன, முப்பது வருசமாகக் கடலில் கிடக்கிறவள், சேலையைச் சுற்றிக்கொண்டு மல்லாந்து படுத்தேன்.

கால் கீழே போனது. பின்னாலேயே இடுப்பும் போனது. மூக்கு வரை தண்ணீர் ஏறிவிட்டது. கையைக் காலை அடித்துத்தான் மேலே வந்தேன். உன் சின்னம்மா, என்னக்கா கடல்காரி இப்படித் தண்ணி குடிக்கிற என்று சிரித்தாள்.

மறுபடியும் படுத்துப் பார்த்தேன். மறுபடியும் இறங்கியது.

நல்ல தண்ணீர் ஆளைத் தாங்காது, நண்டு. இதுவரை என்னைத் தாங்கியது கடலில் இருக்கிற உப்பு. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்க விடமாட்டார்கள், வேறு குளம் கிடையாது. நல்ல தண்ணீரில் நான் நீந்தியதே இல்லை.

அந்தப் பதினேழு பேரும் மிதந்தது உப்பில். பள்ளத்தில் நிறையப் போவது மழைத் தண்ணீர்.

கறிச்சோற்றுக்கு நிற்கவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் போய் டீச்சரிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. சொம்பில் தண்ணீர் வைத்து ஒரு முட்டையைப் போட்டுக் காட்டினேன், அடியில் கிடந்தது. இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன், மேலே வந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் படித்தவள், எனக்கே தோணவில்லையே என்றார்கள்.

அந்தப் பதினேழு பேருக்கும் இப்போது தண்ணீர்ப் பயம் இல்லை. அதை எடுத்துவிட்டதே நான்தான்.

ஜெயசீலன் சார் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு முட்டையைக் காட்டிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் முட்டையைப் பார்த்தார்கள், நம்பினார்கள். ரோஷன் மட்டும், முட்டைக்குக் கை கால் இல்ல சார், எனக்கு இருக்கு என்றான்.

செப்டம்பர் 9, சனி

கடலுக்குப் போனோம். மல்லாந்து கிடப்பதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்தில் காலால் தண்ணீரை மிதித்துத் தலையை வெளியே வைக்கப் பழக்கினேன். அரைக்கால் சட்டையோடும் பாவாடையோடும் பழக்கினேன். பள்ளத்தில் விழுகிற பிள்ளை உடுப்பை மாற்றிக்கொண்டா விழும்.

ஆனாலும் இது கடல்தான்.

செப்டம்பர் 23, சனி

காலாண்டுப் பரீட்சை. வகுப்பு இல்லை.

அக்டோபர் 7, சனி

காற்று மாறிவிட்டது. வடகடல் கலங்கி அலை அடிக்கிறது, பிள்ளைகளை இறக்க முடியாது. டீச்சரும் நானும் படியில் உட்கார்ந்து பேசினோம். வேறு நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் ஊராகச் சொல்லிப் பார்த்தோம். பஸ் வைத்துக் கூட்டிப்போகிற தூரம். வாரா வாரம் நடக்காது.

கடைசியில் நான்தான் சொன்னேன். "பள்ளத்துலயே எறக்குவோம் டீச்சர். கொஞ்சமா நிக்கிறப்பவே."

டீச்சர் என் பக்கம் திரும்பினார்கள். "ஒங்களால முடியுமா பஞ்சவர்ணம்?" என்று கேட்டார்கள்.

முடியாது என்றேன். ஆனால் வேறு இடம் இல்லையே என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

நேற்று முழுக்க மழை. பள்ளத்தில் முழங்கால் அளவு நிற்கிறது என்று மாடு மேய்க்கிறவர் சொன்னார்.

அக்டோபர் 19, வியாழன்

இன்னும் இரண்டு மழை பெய்தது. இன்றைக்குப் போனேன். ஒரு வருசமாக அந்தப் பாதையில் போகவில்லை. விறகுக்குக்கூடச் சுற்றித்தான் போவேன்.

சவுக்குக் கம்பு ஒன்று எடுத்துப் போனேன். கரையிலிருந்து முதல் எட்டில் கணுக்கால். இரண்டாம் எட்டில் முழங்கால். மூன்றாம் எட்டில் கம்பு இறங்கிக்கொண்டே போனது. இயந்திரம் நேராக வெட்டி மண் அள்ளியிருக்கிறது. களிமண் விளிம்பு, நின்றால் வழுக்குகிறது. இன்றைய தண்ணீருக்கே அங்கே என் இடுப்புக்கு மேல். போன வருசம் இதைப்போல இரண்டு மடங்கு நின்றது.

இதுவரை உன்னைப் பற்றி ஊரார் என்னிடம் சொன்னதெல்லாம், கால் கழுவப் போய் நீ வழுக்கி விழுந்தாய் என்பதுதான். விளிம்பில் நின்று பார்த்தபோது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

கம்பை நட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21, சனி

பெற்றோர் கூட்டம். டீச்சர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்கள். நான் பழக்கியது கடலுக்கு மட்டும் ஆகும், அது என் தப்பு என்று நானும் எழுந்து சொன்னேன். பள்ளம் என்றதும் ஒரே சத்தம். காவு வாங்கின தண்ணியில பிள்ளைகள எறக்கச் சொல்றீகளா என்று ரோஷனின் அப்பா கேட்டார். தகப்பன்மார் எல்லாரும் கரையில் கயிறோடு நில்லுங்கள், ஒரு நேரத்துக்கு இரண்டு பிள்ளைதான் இறங்கும் என்று டீச்சர் சொன்னார்கள்.

அரைமணி நேரம் இழுத்தது. பிறகு பின்னாலிருந்து உன் அப்பா எழுந்தார். எத்தனை கம்பு வேணும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். பத்து என்றேன். வெளியே போனார். அவர் பின்னாலேயே நாலு பேர் எழுந்து போனார்கள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கம்புகளை நட்டு, வலைக்கயிற்றில் மிதவை கோத்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். உன் அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்று கடைசிக் கம்பை அடித்துக்கொண்டிருந்தார். அந்த விளிம்பில்தான். நான் கரையில் நின்றேன். அவர் ஏறிவர நேரமானது. கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 28, சனி

முதல் நாள். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை.

நான்தான் முதலில் இறங்கினேன். செம்மண் தண்ணீர், அடி தெரியாது. கீழே கிடக்கிற எதுவும் தெரியாது. கண்ணாடி மாட்டியும் பிரயோசனம் இல்லை. நின்று கால் பழகுகிறவரை ரொம்ப நேரம் ஆனது. பிள்ளைகளைக் கூப்பிடுங்கள் என்று டீச்சரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

ரோஷன் மல்லாந்து படுத்தான், கடலில் படுத்த மாதிரி. இறங்கிவிட்டான். நான் பிடித்துத் தூக்கினேன். இருமி முடித்துவிட்டு, "இது கள்ளத் தண்ணி" என்றான். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவனுடைய அப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் கொஞ்சம் இலகுவானது.

பதினேழு பேரும் இறங்கினார்கள், எல்லாரும் முதல் தடவை மூழ்கினார்கள். நல்லது. நான் பிடித்துக்கொள்ள என் கை இருக்கிற இடத்தில் மூழ்கட்டும். இரண்டாவது தடவை ஆறு பேர் தண்ணீரை மிதித்துத் தலையை வெளியே வைத்தார்கள்.

மாரிக்கனி வந்திருந்தாள். சுபிக்சா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

மாரிக்கனி சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். அன்றைக்குச் சொன்னதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "அவளே கேக்குறா மதினி, நானும் எறங்கட்டான்னு. எனக்குத்தான் மனசு ஒப்பல" என்றாள். நீயும் சேர்ந்து இறங்கு, இடுப்புவரை வந்து நில், பிள்ளைக்கு நீ தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 1, புதன்

டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலமும் வைக்கச் சொன்னார்கள், மழை விட்ட நேரம் பார்த்து. இன்றைக்குப் பதினைந்து பேர் நூறு எண்ணும்வரை நின்றார்கள். நானே எண்ணினேன்.

நவம்பர் 4, சனி

சுபிக்சா இறங்கினாள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாரிக்கனி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நான் பிள்ளையைத் தூக்கி வந்து மெல்ல மல்லாக்கப் போட்டேன். உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. முதுகுக்கு அடியில் என் கை. வானத்தைப் பார், என்னைப் பார்க்காதே என்றேன், எல்லாரிடமும் சொல்கிற மாதிரி.

வானத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். காதில் தண்ணீர் இருப்பதால் தன் குரல் தனக்குக் கேட்டிருக்காது. ரொம்பச் சின்னக் குரல்.

"அத்த, அவ வழுக்கி விழுகல."

என் கையை இன்னும் கொஞ்சம் விரித்துக் கொடுத்தேன்.

"நான்தான் விழுந்தேன். அவ கரையில நின்னா. எங்கம்மா பாசிக்காரி, எனக்கு நீச்சத் தெரியும், பயப்படாதன்னு சொல்லிட்டு எறங்குனா. என்னயப் பிடிச்சுத் தள்ளிவிட்டா. நான் புல்லப் பிடிச்சுக்கிட்டேன். அவ வரல."

சொன்னால் நான் அடிப்பேன் என்று ஒரு வருசமாகச் சொல்லவில்லையாம். அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது. மாரிக்கனி நாலு எட்டுத் தள்ளி நின்று, என்ன சொல்கிறாள், பயப்படுகிறாளா என்று கேட்டாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்றேன்.

என் கை அவள் முதுகுக்கு அடியில் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் மூழ்கிவிடுவாள். வேறெதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரை மிதி, மெல்ல மிதி, தாடையைத் தூக்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு இளகியது. ஒரு நேரம் பார்த்தால் என் கையில் பாரம் இல்லை. கையைக் கீழே இறக்கினேன். மிதித்துக்கொண்டே கிடந்தாள். இருபத்தி மூன்று எண்ணினேன். மாரிக்கனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கரையேறியதும் சுபிக்சாவைத் துவட்டிவிட்டேன். நான் அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். நீ சொன்னது நல்லது என்றேன். உங்கம்மாவிடமும் நீயே சொல், இன்றைக்கு வேண்டாம், உனக்குத் தோன்றுகிற அன்றைக்குச் சொல் என்றேன். தலையை ஆட்டினாள். பசிக்கிறது என்றாள். தாயம்மா மதினி சுண்டல் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

டீச்சருக்கான தாளில், பதினெட்டுப் பேரும் நல்ல தண்ணீரில் தலையை வெளியே வைத்துவிட்டார்கள், இன்னும் நீந்தப் பழக்க வேண்டும் என்று எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எம்பிள்ள ஒரு உசுரக் கரையேத்திட்டுத்தான் போயிருக்கு என்றார். இரண்டு தடவை சொன்னார். அவருக்கு அது போதும்போல இருக்கிறது.

எனக்கு அது போதவில்லை, நண்டு. நீ தண்ணீர்ப் பக்கம் வந்தபோதெல்லாம் விரட்டினேன், காலில் அடித்தேன், ஒரு நாளும் உன் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து வானத்தைப் பார் என்று சொன்னதில்லை. நீ சுபிக்சாவிடம் தெரியும் என்று சொன்னாயாம். அந்தப் பிள்ளை பயப்படக் கூடாது என்று சொன்னாயா, இல்லை, என் வயிற்றில் பிறந்ததால் உனக்குத் தானாகவே வந்துவிடும் என்று நம்பித்தான் இறங்கினாயா?